பழைய சீக்கோ 6309 வாங்கும் முன்: டயலுக்குக் காசு கொடுங்கள், இயந்திரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் கேரசல் இணையச் சந்தையில் சீக்கோ 6309-7040 முக்குளிப்புக் கடிகாரம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "அப்பா வைத்திருந்தது, நன்றாக ஓடுகிறது, ஒருமுறைகூடத் திறந்ததில்லை" என்று விற்பவர் போட்டிருக்கிறார். அசல்தானா, வாங்கலாமா, வாங்கினால் என்னென்ன செய்ய வேண்டிவரும், அதைக் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தில் இறங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இறங்க வேண்டாம். டயலில் 150 மீட்டர் என்று இருப்பது அந்தக் கடிகாரம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கணக்கு. இத்தனை ஆண்டுகளில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டித்து வெடித்திருக்கும், அல்லது தார் போலக் குழைந்து ஒட்டியிருக்கும். "ஒருமுறைகூடத் திறந்ததில்லை" என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். வாங்குபவர் அதைச் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணெய் காய்ந்த பிறகும் ஓடும் இயந்திரம் தன் அச்சுமுனைகளைத் தானே அரைத்துக்கொண்டுதான் ஓடுகிறது.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். இந்த மாடலில் இயந்திரத்தை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம், கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையமான பெசலை மாற்றலாம். கெடாத அசல் டயலும், மெருகு போட்டுக் கரைக்காத கூடும் (வெளி உலோக உறை) கிடைப்பதுதான் கடினம். கொடுக்கிற காசு அந்த இரண்டுக்கும்தான்.

கடிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 6309-7040, 6309-7049 இரண்டும் 1976 முதல் 1988 வரை வந்தவை. 6105 மாடலுக்குப் பின்னால் வந்து, 7002 மாடலுக்கு இடம் விட்டுப் போனவை. தலையணை போல உப்பிய கூடு, நாலு மணிப் பக்கத்தில் மரையிட்டு மூடும் சாவி (முள்ளைத் திருப்பும் திருகு), 22 மி.மீ. வார். அந்தக் கூட்டின் உருவத்தால்தான் சேகரிப்பாளர்கள் 'ஆமை' என்கிறார்கள். உள்ளே இருப்பது 6309ஏ இயந்திரம்: அச்சுமுனைகளைத் தாங்கும் 17 கல், மணிக்கு 21,600 அசைவு, அதாவது விநாடிக்கு 6. கை அசைவில்தான் சாவி ஏறும், திருகிச் சாவி கொடுக்க முடியாது. விநாடி முள்ளை நிறுத்தும் வசதியும் கிடையாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த உடன்பிறப்பு 6306. அதில் 21 கல், 'கான்ஜி' எனும் ஜப்பானியச் சித்திர எழுத்தில் கிழமை, நிற்கும் விநாடி முள். அதன் விலையும் வேறு, ஆகவே 6309-ஐ 6306 என்று விற்பவர்களும் உண்டு.

எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கப் பின்மூடியில் இருக்கும் ஆறு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 1 முதல் 9 வரை அந்தந்த மாதம், அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 03 என்று தொடங்கினால் 1980 மார்ச். 6, 7, 8 என்று தொடங்குபவை மட்டும் குழப்பும், ஏனென்றால் 1977-லும் செய்தார்கள், 1987-லும் செய்தார்கள். ஆரம்பகால டயல்கள் சிலவற்றில் சீக்கோவின் சுவா ஆலையைக் குறிக்கும், சுழி போன்ற சிறு சின்னம் இருக்கும், அது இருந்தால் எழுபதுகள் என்று கொள்ளலாம். இதில் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த எண் சொல்வது பின்மூடியின் வயதை மட்டுமே. பின்மூடி வேறு கடிகாரத்திலிருந்து வந்திருந்தால் மற்றதற்கு அது சாட்சி ஆகாது.

டயல்

ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாத அளவில் ஒரு வரி இருக்கும். அதில் ஜப்பான் என்ற சொல்லும் 6309-7 என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். பின்மூடியில் 7040 என்றும், டயலில் 704-க்குப் பிறகு ஏதோ ஓர் எழுத்தும் இருந்தால் பதற வேண்டாம். டயலின் எண்ணும் கூட்டின் எண்ணும் அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. ஆனால் டயலில் 729 என்று இருந்தால் அது மெலிந்த கூட்டில் வந்த 6309-7290 மாடலின் டயல். அதை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வரியே இல்லை, அல்லது எழுத்துகள் மை ஊறியது போலத் தடித்திருக்கின்றன என்றால் அது வெளியாள் அச்சிட்ட டயல். சில வெளியார் டயல்களில் அந்த வரியும் இருக்கும், ஆனால் லென்ஸில் பார்த்தால் விளிம்பு நடுங்கும். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். நிறுவனப் பெயரின் எழுத்து இடைவெளியையும் நன்றாகத் தெரிந்த அசல் படம் ஒன்றோடு ஒப்பிடுங்கள். இந்தியாவில் பழைய சீக்கோ டயல்களை நிறம் மாற்றி மீண்டும் அடித்து விற்பதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். 6309 முக்குளிப்புக் கடிகாரத்தில் நீலம், ஆரஞ்சு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் வந்தால் அந்தப் பெயரை நினைத்துக்கொண்டு தள்ளிவைத்துவிடலாம். இந்த மாடலுக்கு உரிய நிறம் கறுப்பு.

அடுத்தது ஒளிப்பூச்சு. 6309-இன் பூச்சு இன்றைக்குச் செத்துப்போனது. டார்ச் அடித்துவிட்டு இருட்டில் பார்த்தால் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்து அணையும். நெடுநேரம் பச்சையாகப் பளிச்சென்று எரிந்தால் அது 1990களுக்குப் பிறகு வந்த பூச்சு, அதாவது டயலோ முள்ளோ மாறியிருக்கிறது, அல்லது மேலே புதிதாகப் பூசியிருக்கிறார்கள். பகலில் பார்க்கும்போது முள்ளின் பூச்சும் டயல் புள்ளிகளும் ஒரே சாயலில் பழுத்திருக்க வேண்டும். டயல் பழுப்பு, முள் வெள்ளை என்றால் முள் புதிது. இது பெரிய குற்றமில்லை, விலையைக் குறைக்கக் காரணம். பூச்சில் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் பரவியிருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. அதுதான் நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது.

கையில் எடுத்ததும்

சாவியை எதிர்ப்பக்கம் திருகினால் மரை விட்டு மெல்ல வெளியே எழ வேண்டும். மறுபடி அழுத்தித் திருகும்போது இரண்டு மூன்று சுற்றாவது பிடித்து இறங்க வேண்டும். வழுக்கினால், அல்லது கால் சுற்றிலேயே நின்றால் மரை தேய்ந்திருக்கிறது. புதுச் சாவி போட்டும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு கூட்டின் பக்கத்தில். அதைச் சரிசெய்யக் கடைசல் வேலை தெரிந்தவர் வேண்டும், செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சாவி எழுந்த நிலையில், இழுக்காமல், திருகிப் பாருங்கள். கரகரவென்று பல் ஏறி, இயந்திரத்துக்குச் சாவி ஏறும் உணர்வு வந்தால் உள்ளே இருப்பது 6309 இல்லை. பெரும்பாலும் சீக்கோவின் புதிய என்எச்36 வகை இயந்திரமாக இருக்கும். ஒரு படி இழுத்தால் ஒரு பக்கம் திருக தேதியும், மறுபக்கம் திருகக் கிழமையும் மாற வேண்டும். இரண்டாம் படி இழுத்தால் முள் நகரும், விநாடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் அது 6306, இல்லையேல் என்எச்36. பின்பக்கமாக அழுத்தித் திருகும்போது 6309-லும் விநாடி முள் தயங்கும், அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். 7எஸ்26 என்ற இன்னொரு சீக்கோ இயந்திரத்தை மாற்றி வைத்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, அதுவும் சாவி ஏறாது, நிற்காது. பின்மூடியைத் திறந்து இயந்திரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

தேதிச் சாளரத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். இந்தக் கடிகாரத்தில் சாவி மூன்று மணிக்கு நேராக இல்லாமல் நாலு மணிப் பக்கம் இருப்பதால் இயந்திரமே கூட்டுக்குள் திரும்பித்தான் உட்கார்ந்திருக்கும். ஆகவே தேதித் தட்டில் எண்களை அச்சிட்ட கோணமும் அதற்கு ஏற்றபடி இருக்கும். சாதாரண சீக்கோ 5 கடிகாரங்களிலும் இதே 6309 இயந்திரம் ஓடியது. சாவி மூன்று மணிக்கு நேராக இருந்த ஒன்றிலிருந்து பிடுங்கித் தட்டோடு அப்படியே வைத்தால் சாளரத்தில் எண்ணும் கிழமையும் சாய்ந்து நிற்கும். ஒட்டுப்போட்ட கடிகாரத்தைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது, விற்பவர்கள் பலருக்கே இது தெரியாது.

பெசல் இரண்டு பக்கமும் 'டிக் டிக்' என்று சுழல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுழல்வது பிற்கால மாடல்களின் வழக்கம். சத்தமே இல்லாமல் வழுக்கினால் அடியில் இருக்கும் சின்னக் குண்டும் ஸ்பிரிங்கும் எங்கோ விழுந்துவிட்டன. அசையவே இல்லையென்றால் வேர்வை உப்பும் அழுக்கும் இறுகியிருக்கின்றன, அது கழுவினால் போகும். பெசல் மேலுள்ள அலுமினியத் தகடு சாம்பல் நிறமாக வெளிறியிருப்பது நல்ல அறிகுறிதான். அட்டக் கறுப்பில் புதிதாக மின்னினால் மாற்றியது.

கூட்டில் மேற்பரப்பு கோடிட்டும், பக்கவாட்டுப் பளபளப்பாகவும், இரண்டும் சேரும் இடத்தில் விளிம்பு தெளிவாகவும் இருக்க வேண்டும். முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னினால் யாரோ பஃப் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துவிட்டார்கள். கீறல்களோடு இருக்கும் கூடு அதைவிட மேல்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பக்கவாட்டிலிருந்து கூட்டின் விளிம்பு, பின்மூடியின் எண்கள், டார்ச் அடித்தபின் இருட்டில் டயல், பின்மூடி திறந்த நிலையில் இயந்திரம். கடைசிப் படத்துக்குப் பலர் தயங்குவார்கள், கருவி இல்லை என்பார்கள். அது நியாயமான பதில்தான். அப்படியானால் பின்மூடி திறக்காத விலைக்குத்தான் பேச வேண்டும். திறந்த படம் கிடைத்தால் இயந்திரத்தைவிட, பின்மூடியின் மரையையும் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தையும் பாருங்கள். அங்கே துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் புது வளையம் போட்டாலும் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்ட பிறகு இத்தகைய பொருள்கள் கைமாறுவது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். எம்ஆர்டி நிலையத்தின் நுழைவாயிலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து, லென்ஸும் டார்ச்சும் எடுத்து, மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டுப் பேநவ் வழியாகப் பணம் அனுப்பலாம். முடிந்தால் ஏர்கோன் இருக்கும் இடத்தில் சந்தியுங்கள். வெளியே வெயிலில் பத்து நிமிடம் இருந்த கடிகாரம் குளிரில் நுழைந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காசு செலவில்லாத சோதனை, நம் ஊரில் மாதம் முழுக்கச் செய்யலாம்.

தனி ஆளிடம் வாங்கினால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் உதவாது. அது வணிகர் பயனீட்டாளருக்கு விற்பதற்கு மட்டும். கடையில் வாங்கினால் பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், வயதுக்கு உரிய தேய்மானமும் முன்னாலேயே சொல்லிவிட்ட குறையும் அதில் சேராது. ஆகவே பில்லில் "சர்வீஸ் செய்தது", "தண்ணீர் சோதனை செய்தது" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதற்கும் எழுதியதற்கும் அங்கேதான் வித்தியாசம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கடிகாரத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை. தபாலில் வரும் பொருளின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து, 400 வெள்ளியைத் தாண்டினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி இங்கே கட்ட வேண்டும். அதற்குக் கீழே என்றாலும், 2023 தொடக்கத்திலிருந்து பதிவுபெற்ற பெரிய இணையத் தளங்கள் வரியைப் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன.

விலைப் பேச்சில் விற்பவர் போட்டிருக்கும் தொகையைத் தனியாகப் பார்க்காதீர்கள். முழு சர்வீஸ், கண்ணாடி, மூன்று இடத்து ரப்பர் வளையங்கள், வார் எல்லாவற்றையும் கூட்டுங்கள். 6309-க்கு சர்வீஸ் கூலி மட்டுமே கடிகாரத்தின் விலையில் பெரிய பங்கு வந்துவிடும். ஓடாத, ஆனால் டயல் சுத்தமான கடிகாரம் குறைந்த விலைக்கு வந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். எப்படியும் சர்வீஸ் செய்யத்தான் போகிறீர்கள், ஓடுவதற்காகக் கூடுதல் காசு எதற்கு?

பழுது பார்ப்பது: எந்த வேலை உங்களுடையது, எது மெக்கானிக்குடையது

கூட்டைத் திறந்து, கழுவி, வளையங்களையும் கண்ணாடியையும் மாற்றுவது பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியது. இயந்திரத்தைப் பிரிப்பது அப்படியில்லை. முதல் கடிகாரத்திலேயே அதைக் கற்றுக்கொள்ள நினைத்தால், ஓடாத ஒரு சீக்கோ 5-ஐ வாங்கி அதில் கைவையுங்கள். அதற்குள்ளும் 6309 இருந்தால் பிற்பாடு உதிரிபாகமாகவும் பயன்படும். இந்த இயந்திரத்துக்குப் புதிய பாகங்கள் எளிதில் கிடைக்காத நிலையில் உதிரிக்கென ஒன்று வைத்திருப்பது வீண்போகாது.

பின்மூடியில் விளிம்பைச் சுற்றிப் பள்ளங்கள் இருக்கும். மூன்று பல் உள்ள ஜாக்ஸா வகைத் திறப்புக் கருவியைப் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, கூட்டை மரப்பிடிப்பில் இறுக்கி, மெதுவாகத் திருகுங்கள். வழுக்கினால் எழுத்துகளின் மேல் ஆழமான கீறல் விழும். பழைய பின்மூடிகளில் பார்க்கும் கீறல் பாதிக்கு மேல் இப்படி வந்ததுதான். அசையவில்லை என்றால் மரைச் சந்தில் ஊசிமுனையால் ஒரே ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் வைத்து, கண்ணாடிப் பக்கம் மேலே இருக்க ஓர் இரவு விடுங்கள். மேலே தெளிக்கும் வேலை வேண்டாம், உள்ளே இறங்கினால் டயல் போச்சு.

விரலுறை போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்றில் வேர்த்த விரல் பட்ட எஃகுப் பாகம் சில நாளில் துருப் புள்ளி காட்டும். சாவியை இரண்டாம் படிக்கு இழுக்காமல், அதன் தண்டைப் பிடித்திருக்கும் சிறு நெம்பை லேசாக அழுத்தி வெளியே எடுங்கள். அளவுக்கு மீறி அழுத்தினால் உள்ளே இருக்கும் மாற்று நெம்பு இடம் பெயரும், பிறகு டயலைக் கழற்றினால்தான் சரியாகும். இயந்திரத்தை டயலோடு வெளியே எடுத்து மூடி போட்டு வையுங்கள். முட்களை எடுக்கும்போது டயல்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, இரண்டு நெம்புகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். டயலைத் துடைக்கவே வேண்டாம். துணி, பஞ்சு, தண்ணீர் எதுவும் கூடாது. காற்றுப் பந்தால் ஒருமுறை ஊதினால் போதும். ஒளிப்பூச்சு பொடியாக உதிர்ந்தால் வாயால் ஊதாதீர்கள், ரோடிக்கோ எனும் ஒட்டும் பிசினால் தொட்டு எடுங்கள், மூச்சில் போகக்கூடிய பொருளில்லை அது.

இயந்திரம் வெளியே வந்த பின்தான் கூட்டைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, அதில் ஓர் இரவு. காலையில் மென்மையான பல்துலக்கியும் பல்குத்தும் குச்சியும். இறுகிப்போன பெசல் பெரும்பாலும் இதிலேயே இளகும். பெசலைக் கழற்ற, கூட்டின்மேல் டேப் ஒட்டிவிட்டு மெல்லிய கத்தியைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக நெம்புங்கள், ஒரே இடத்தில் தூக்கினால் வளையும். கழன்று வரும் நொடியில் அந்தக் குண்டும் ஸ்பிரிங்கும் துள்ளும். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டு இந்த வேலையைச் செய்தால் தரையில் முட்டி போட்டுத் தேட வேண்டாம். தார் போன்ற பழைய வளையத்தை மரக்குச்சியால் சுரண்டி, மிச்சத்தை லைட்டரில் ஊற்றும் நாப்தாவால் துடைக்கலாம். உலோகக் கருவியால் பள்ளத்தைச் சுரண்டினால் அந்தக் கீறலே நீர்க்கால்வாய் ஆகும்.

கண்ணாடி ஹார்ட்லெக்ஸ், அதாவது கெட்டிப்படுத்திய கனிமக் கண்ணாடி. அக்ரிலிக் போலத் தேய்த்துக் கீறல் போக்க முடியாது, மாற்ற வேண்டும். சஃபையர் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கீறாது. ஆனால் பழைய டயலின் மேல் அதன் பிரதிபலிப்பு வேறு மாதிரி இருக்கும், கடிகாரத்தின் முகமே மாறிவிட்டது போலத் தோன்றும். ஹார்ட்லெக்ஸே இருக்கட்டும் என்பதுதான் இங்கே தரும் யோசனை. எதைப் போட்டாலும் அதன் கீழ் வளையம் புதிதாக இருக்க வேண்டும், அழுத்தும் கருவியில் சரியான அளவு அச்சு வைத்து நேராக இறக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஓரம் சில்லு பெயரும்.

பின்மூடி வளையத்துக்கும் சாவி வளையத்துக்கும் சிலிகோன் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும், வளையம் பளபளத்தால் அளவு சரி. வழிகிற அளவுக்குப் பூசினால் தூசியைப் பிடித்துவைக்கும்.

இயந்திர சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: முழுதாகப் பிரித்துக் கழுவுகிறீர்களா, பேரல் எனும் உருளையைத் திறந்து, கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கைப் பார்ப்பீர்களா, முடிந்ததும் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் எண்ணைக் காட்டுவீர்களா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வட்டாரக் கடைகளில் பேட்டரியும் வாரும் மாற்றுவதே பெரும்பகுதி வேலை. சிலர் பின்மூடி திறந்து நான்கு இடத்தில் எண்ணெய் விட்டுவிட்டு 'சர்வீஸ்' என்பார்கள். பழைய அழுக்கோடு புது எண்ணெய் சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும், சும்மா விட்டிருந்தாலே மேல்.

நீங்களே செய்வதென்றால் சில இடங்கள். முதலில், ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கிளிக்கை விடுவித்து மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குங்கள், இறக்காமல் சக்கரங்களைத் தாங்கும் பாலத்தைத் தூக்கினால் பற்கள் உடையும். டயல் பக்கத்தில் கிழமைத் தட்டைப் பிடித்திருப்பது சின்னஞ்சிறு திறந்த வளையம். அது பறந்தால் கிடைக்காது, விரலால் மூடிக்கொண்டு எடுங்கள். வேகமாகச் சுழலும் அச்சுமுனைகளுக்கு மோபியஸ் நிறுவனத்தின் 9010 எண்ணெய், மெதுவானவற்றுக்குக் கெட்டியான எண்ணெய், சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும் பேலட் ஃபோர்க்கின் கற்களின் முகத்துக்கு 9415, பேரலின் உட்சுவருக்கு 8217 போன்ற பிடிப்புக் கிரீஸ். தானியங்கிக் கடிகாரத்தில் மெயின் ஸ்பிரிங் நிறைந்தபின் சுவரில் வழுக்கத்தான் வேண்டும், ஆனால் அளவோடு வழுக்க வேண்டும். அங்கே சாதாரண எண்ணெய் போட்டால் இறுக்கம் ஏறும் முன்பே வழுக்கிவிடும், இரவில் கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கும். பேலட் ஃபோர்க்கின் அச்சுமுனைகளுக்கு எண்ணெய் கிடையாது. தேதித் தட்டுகளுக்கும் கிடையாது.

வேலை முடிந்தபின், முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால் சமநிலைச் சக்கரத்தின் அலைவு வீச்சு 230 முதல் 270 பாகை வரை வந்தால் சீக்கோவுக்கு நல்லது. சுவிஸ் கடிகாரத்தின் 300-ஐ இதில் தேடாதீர்கள். 200-க்குக் கீழே நின்றால் எங்கோ அழுக்கு அல்லது தேய்மானம். பீட் பிழை, அதாவது 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி வித்தியாசம், 1 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும். நாளுக்கு 15 விநாடி முன்னே பின்னே ஓடினால் இந்த வயதுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் பெரும்பாலும் காந்தம்தான், கைப்பை மூடியும் ஒலிபெருக்கியும் போதும் அதற்கு. காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நொடி வேலை.

டயலுக்குப் புது ஒளிப்பூச்சு போடலாமா? வேண்டாம். முள்ளின் பூச்சு உதிர்ந்து டயலில் விழுகிறது என்றால் முள்ளுக்கு மட்டும், டயலின் பழுப்புக்கு ஒத்த சாயலில், பின்பக்கத்திலிருந்து பூசச் சொல்லுங்கள். டயல் புள்ளிகளைச் சுரண்டிப் புதிதாக்கிய நொடியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதி போய்விடும்.

சோதனையும் அதன்பின்னும்

காற்றழுத்தச் சோதனைதான் முதலில். கூடு அழுத்தத்தில் நெளிகிறதா என்று பார்க்கும் உலர் கருவியில் 3 பார் (அழுத்த அலகு), தாங்கினால் 5 பார். உலர் சோதனையில் தேறாததைத் தண்ணீரில் போடக்கூடாது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடிகாரத்தை 40 முதல் 45 பாகை செல்சியஸ் சூட்டில் பத்து இருபது நிமிடம் வைத்து, கண்ணாடி நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் அந்த இடத்தில் உட்பக்கம் ஆவி படிந்திருக்கக் கூடாது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்திலேயே இருக்கும் சோதனைதான் இது. அந்தத் தரம் 1982-இல்தான் முதலில் வந்தது, ஆகவே 1976-இல் வந்த 6309-இன் ஆரம்பகாலப் பிரதிகளின்மேல் எழுதிய 150 மீட்டருக்கும் இன்று கடையில் பார்க்கும் 200 மீட்டருக்கும் அளவுகோல் ஒன்றில்லை.

சோதனையில் தேறினாலும் கை கழுவுவது, மழையில் நனைவது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வளையங்களை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டாத நாள்களில், கேமராவுக்கு வாங்கிய உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதில் ஒரு மூலை போதும், 45 விழுக்காடு ஈரப்பதம் சரி. இல்லையென்றால் மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல். தேதியை இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் சாவியால் மாற்றாதீர்கள், அந்நேரம் தேதிச் சக்கரத்தின் பல் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வார் வாங்கும்போது ஸ்பிரிங் பின்னையும் சேர்த்து வாங்குங்கள். சீக்கோ முக்குளிப்புக் கடிகாரங்களுக்கு உரியது 2.5 மி.மீ. தடித்த பின். சாதாரணக் கடையில் கொடுக்கும் மெல்லிய பின் 22 மி.மீ. இடைவெளியில் உட்காரும், ஆனால் அதன் முனை துளைக்குப் பொருந்தாமல் ஆடும். பேருந்துக் கம்பியில் ஒருமுறை இடித்தால் கடிகாரம் கீழே கிடக்கும்.